படம் மாட்டலாம், எழுதக் கூடாது: எட்வர்ட் சயீதின் பாலஸ்தீனம்

1983ல் ஜெனிவாவில் பாலஸ்தீனப் பிரச்சினை குறித்து ஐக்கிய நாடுகள் சபை ஒரு மாநாடு கூட்டியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த எட்வர்ட் சயீத் அதற்கு ஆலோசகராக இருந்தார். மாநாட்டு மண்டபத்தின் முகப்பில் பாலஸ்தீன மக்களின் புகைப்படங்களை மாட்டலாமே என்று அவர் யோசனை சொன்னார். சுவிட்சர்லாந்துப் புகைப்படக்காரர் ழான் மோர் போய் எடுத்து வந்தார். படங்கள் வந்து சேர்ந்தபோது கூடவே மாநாட்டுத் தரப்பிலிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. மாட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் எதுவும் எழுதக் கூடாது. பேசிப் பார்த்ததில், இடத்தின் பெயரை மட்டும் போடலாம் என்று இறங்கி வந்தார்கள். ஜோர்டான், சிரியா, லெபனான், மேற்குக் கரை, காசா. அவ்வளவுதான்.

பாலஸ்தீனம் என்ற பிரச்சினை பல நாடுகளுக்கு, அரபு நாடுகள் உட்பட, வேண்டியிருந்தது. பாலஸ்தீனர்கள் வாய் திறப்பது அந்த அளவுக்கு வேண்டியிருக்கவில்லை. சயீத் இந்தச் சம்பவத்தை விடவில்லை. ஜெனிவாவில் எழுத முடியாததை எல்லாம் அந்தப் படங்களோடு சேர்த்து எழுதி 1986ல் 'ஆஃப்டர் தி லாஸ்ட் ஸ்கை' என்ற புத்தகமாக வெளியிட்டார். கடைசி வானத்துக்குப் பிறகு பறவைகள் எங்கே பறக்கும் என்று கேட்கும் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதை வரியிலிருந்து எடுத்த தலைப்பு அது.

சயீதைப் பற்றிப் பேசும்போது பொதுவாக இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுகிறோம். ஒருவர், மேற்குலகம் கீழைத்தேயத்தைச் சித்திரித்த விதத்தை விமர்சிக்கும் 'ஓரியன்டலிசம்' எழுதிய பேராசிரியர், கல்லூரிப் பாடத்திட்டத்தில் இருப்பவர். இன்னொருவர் தொலைக்காட்சி விவாதங்களில் பாலஸ்தீனத்துக்காக வாதாடியவர். இந்தப் பிரிவினை எனக்கு எப்போதுமே ஒட்டாது. நாவலைப் படிக்கிற அதே கண்ணால்தான் அவர் அரசாங்கக் கடிதத்தையும் படித்தார். இந்தக் கதையை யார் சொல்கிறார், யாரைப் பேசவிடவில்லை என்ற ஒரே கேள்வியைத்தான் இரண்டு இடத்திலும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே இருந்தது. 1932ல் அவருடைய பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். அம்மா ஹில்டா நாசரேத்தில் பிறந்தவர், கையில் பாலஸ்தீன பாஸ்போர்ட் வைத்திருந்தவர். பிரிட்டிஷ் அதிகாரி அதை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டார். இனி நீங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் பயணம் செய்துகொள்ளலாம், இதனால் காலியாகும் இடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு யூதக் குடியேறியைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்று விளக்கமும் கொடுத்தார். சயீத் இதை அம்மா சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். நடந்தது, இஸ்ரேல் உருவான 1948க்குப் பதினாறு வருடம் முன்பு. போர் இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு மேஜையும் ஒரு குமாஸ்தாவும்தான்.

அப்பா வாடி சயீத் ஜெருசலேம்காரர். இளம் வயதில் அமெரிக்கா போய், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு திரும்பி வந்தவர். கெய்ரோவில் எழுதுபொருள் வியாபாரம் செய்தார், நன்றாகவே சம்பாதித்தார். குடும்பம் இருந்தது கெய்ரோவில் என்றாலும் எட்வர்ட் பிறந்தது ஜெருசலேமில், 1935 நவம்பர் 1ஆம் தேதி. முதல் ஆண் குழந்தை கெய்ரோ மருத்துவமனையில் பிறந்த கையோடு இறந்துபோனதால், இரண்டாவது பிரசவத்துக்கு ஜெருசலேம் வீட்டுக்கே வந்து மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். பெயரை அன்றைய பிரிட்டிஷ் இளவரசரைப் பார்த்து வைத்தார்கள். எட்வர்ட் என்ற ஆங்கிலப் பெயரும் சயீத் என்ற அரபுப் பெயரும் தனக்குள் ஒன்றுசேர மறுத்ததை அவர் 'அவுட் ஆஃப் பிளேஸ்' என்ற தன்வரலாற்றில் சொல்கிறார். ஆள் பார்த்து, ஒரு சமயம் எட்வர்டை அழுத்திச் சொல்லி சயீதை விழுங்குவாராம், இன்னொரு சமயம் அதற்கு நேர்மாறாக. வீட்டில் அரபியும் ஆங்கிலமும் கலந்தே புழங்கின. தன் முதல் மொழி எது என்று கடைசிவரை அவரால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. கெய்ரோவின் விக்டோரியா கல்லூரியில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் தண்டனை. அதனாலேயே பையன்கள் வகுப்பில் வேண்டுமென்றே அரபியில் பேசினார்கள். 1951ல் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1947 நவம்பர் 1 அவருடைய பன்னிரண்டாவது பிறந்தநாள். மறுநாள், யூதர்களுக்கு பாலஸ்தீனத்தில் தேசிய இல்லம் அமைவதை பிரிட்டன் ஆதரித்த பால்ஃபர் பிரகடனத்தின் ஆண்டு நாள். நம் வரலாற்றிலேயே கறுப்பு நாள் என்று பெரிய அண்ணன்மார்கள், அதாவது உறவுமுறைச் சகோதரர்கள், ஆவேசமாகப் பேசியது பையனுக்கு அப்போது புரியவில்லை. அந்த வருடக் கடைசியில் குடும்பம் ஜெருசலேமை விட்டுக் கிளம்பியது. 1948ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரிழந்தார்கள். கெய்ரோவுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு மருந்து, வேலை, பள்ளியில் இடம் என்று ஓடியாடி ஏற்பாடு செய்தவர் அவருடைய அத்தை நபீஹா. வெள்ளிக்கிழமை மதிய உணவுக்கு வரும் அத்தை சொல்லும் கதைகள் வழியாகத்தான் சிறுவன் சயீதுக்கு பாலஸ்தீனம் என்பது ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசுவதே அபூர்வம்.

அந்தப் பால்ஃபர் கடிதத்தை அவர் பிற்பாடு எப்படிப் படித்தார் என்று பார்ப்போம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய, 1917 நவம்பர் 2 தேதியிட்ட கடிதம். பிரகடனப் பகுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள்தான். யூத மக்களுக்கு பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைவதை பிரிட்டன் ஆதரிக்கிறது என்கிறது. அப்புறம், அங்கே ஏற்கெனவே இருக்கும் 'யூதர் அல்லாத சமூகங்களின்' குடிமை, மத உரிமைகளுக்குக் குந்தகம் வராது என்கிறது. அன்று அங்கே இருந்த மக்களில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள். அரபு என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. இன்னார் என்று சொல்லாமல், இன்னார் அல்லாதவர் என்று ஒரு மக்கள்கூட்டத்துக்குப் பெயர். அரசியல் உரிமை என்ற சொல்லும் இல்லை. ஒரு ஐரோப்பிய அரசு, ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் மண்ணைப் பற்றி, அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் இன்னொரு கூட்டத்துக்கு வாக்குக் கொடுக்கிறது என்று 1979ல் வந்த 'தி கொஸ்டின் ஆஃப் பாலஸ்டைன்' நூலில் எழுதினார். இந்த நூலை வெளியிட அமெரிக்காவில் பதிப்பாளர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அரபியில் போட முன்வந்த பெய்ரூட் பதிப்பகமோ, சில அரபு அரசுகளை விமர்சிக்கும் பகுதிகளை எடுத்துவிடச் சொன்னது. அவர் மறுத்துவிட்டார்.

இதே வாசிப்பு முறையை நமக்குப் பரிச்சயமான ஒரு நாவலில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். கிப்ளிங்கின் 'கிம்' 1901ல் வந்தது. அதில் 1857 கிளர்ச்சியைப் பற்றி ஒரு இந்தியக் கிழவர் பேசுகிறார், முன்னாள் சிப்பாய். படையை ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது, அதிகாரிகள் மேலேயே பாய்ந்துவிட்டார்கள் என்கிறார். 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' என்ற 1993ஆம் ஆண்டு நூலில் சயீத் இந்தக் கிழவரிடம் நின்றுவிடுகிறார். 1857க்கு பிரிட்டிஷார் கொடுத்த விளக்கத்தை கிப்ளிங் இந்திய வாயில் வைத்துச் சொல்லவைக்கிறார் என்கிறார். எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே நாவலுக்குள் நுழைய முடியாமல் போகிறது. ஆனால் கிப்ளிங்கை அவர் தூக்கி எறியவில்லை. 'கிம்' பெரிய கலைப்படைப்பு என்றுதான் சொல்கிறார், அதன் அழகையும் அதன் ஏகாதிபத்தியத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்கிறார். பியானோ நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். ஒரே சமயத்தில் இரண்டு ராகப்போக்குகள் ஒன்றையொன்று அடக்காமல் ஓடும் மேற்கத்திய இசை முறையிலிருந்தே இந்த வாசிப்புக்குப் பெயரும் எடுத்துக்கொண்டார்.

'ஓரியன்டலிசம்' (1978) பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது, அதனால் ஒரே ஒரு விஷயம். ஹார்வர்டில் நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் பற்றி ஆய்வு செய்துவிட்டு அமைதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை இந்தத் திசையில் திருப்பியது, இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த 1967 ஜூன் போர். அந்த வருடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1957 மாணவர்களின் பத்தாம் ஆண்டு சந்திப்பு. சயீதும் அந்த வருடத்து மாணவர்தான். அரபு உடை அணிந்து ஊர்வலம் போவதென்று போருக்கு முன்பே முடிவாகியிருந்தது. இடையில் போர் வந்து, ஆறு நாளில் அரபுப் படைகள் தோற்றன. ஊர்வலம் நிற்கவில்லை. அதே உடையில், சரணடைந்தவர்களைப் போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்தில் இது வேடிக்கையாகக் கடந்துபோனது. அடுத்த வருடம், அமெரிக்காவில் அரபு மனிதன் எப்படிச் சித்திரிக்கப்படுகிறான் என்று ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருடம் கழித்து வந்த பெரிய புத்தகத்தின் விதை அதில் இருக்கிறது.

1982ல் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்தது. பெய்ரூட்டின் சப்ரா, ஷாட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் படுகொலை நடந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது, விசாரணை அறிக்கைகள் வந்தன. கொஞ்ச நாளில் பழைய பேச்சே திரும்பிவிட்டது. இது எப்படி என்பதுதான் 1984ல் அவர் எழுதிய 'பெர்மிஷன் டு நேரேட்' கட்டுரையின் கேள்வி. தகவல் தானாகப் பேசாது, அதை ஏந்திக்கொண்டு நடமாட ஒரு கதை வேண்டும் என்கிறார். பாலஸ்தீனர்களுக்கு ஒரு தொடக்கம், ஒரு ஊர், திரும்பிப் போகும் ஒரு முடிவு என்று கதை இருப்பதையே ஒப்புக்கொள்ளாத இடத்தில், பிணங்களின் எண்ணிக்கை எதன் மேலும் ஒட்டாமல் உதிர்ந்துபோகிறது. கதை சொல்ல அனுமதி என்ற தலைப்பில் அந்த ஜெனிவா முகப்பின் எரிச்சலும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டுதான் 'ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆன் எக்ஸைல்' கட்டுரையும் வந்தது. எக்ஸைல் என்பதைத் தமிழில் சொல்வதே ஒரு தலைவலி. நாடுகடத்தல் என்றால் அரசு உத்தரவு போட்டு அனுப்பியது போல் இருக்கிறது. புலம்பெயர்வு என்றால் வேலை தேடிப் போனவரும் உயிர் தப்பி ஓடியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அகதி என்றால் முகாமும் நிவாரண வரிசையும் கண்ணில் வருகின்றன. சயீதும் கிட்டத்தட்ட இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறார். அகதி என்பவர் இருபதாம் நூற்றாண்டு அரசுகள் உருவாக்கிய ஆள், அந்தச் சொல் கேட்டதும் உதவிக்குக் காத்திருக்கும் திகைத்துப்போன கூட்டம்தான் தோன்றும். எக்ஸைல் என்ற சொல்லிலோ ஒரு தனிமை, ஒரு ஆன்மிகச் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாயல்தான் அவரை உறுத்துகிறது. யோசிப்பதற்குச் சுவையானது, அனுபவிப்பதற்குக் கொடுமையானது என்று கட்டுரையைத் தொடங்குகிறார். ஊரிழப்பைப் பற்றிய இலக்கியம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஊரிழப்பையே அழகு என்று நினைத்துவிடாதே என்று வாசகனுக்கு எச்சரிக்கை. நாவல்களை விட்டுவிட்டு, ஐ.நா. நிவாரண அமைப்புகள் எண்ணிக்கையில் மட்டும் வைத்திருக்கும் பெருங்கூட்டத்தைப் பார் என்கிறார்.

கட்டுரையில் எனக்கு மறக்காத இடம் பெய்ரூட்டின் ஒரு மங்கலான உணவகம். பாகிஸ்தானில் ஜியாவுல் ஹக் ஆட்சியிலிருந்து விலகி வந்து பெய்ரூட்டில் தங்கியிருந்தார் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ். அவருக்கு அங்கே பாலஸ்தீனர்கள்தான் நெருக்கம். ஒருநாள் இரவு நண்பர் இக்பால் அகமதுவும் வந்திருந்தார். ஃபைஸ் கவிதை சொல்லத் தொடங்கினார். முதலில் இரண்டு பேரும் சயீதுக்காக வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னார்கள். நேரம் போகப் போக மொழிபெயர்ப்பது நின்றுபோனது. அதனால் ஒன்றும் குறையவில்லை என்கிறார் சயீத். சொந்த ஊர் வந்து சேர்ந்துவிட்டதைப் போலவும், இழந்ததை நினைத்துச் சவால் விடுவதைப் போலவும் இருந்ததாம் அந்தக் குரல்.

இதற்கு நேரெதிர் காட்சி கான்ராடின் 'ஏமி ஃபாஸ்டர்' கதை. கிழக்கு ஐரோப்பிய மலை கிராமத்திலிருந்து அமெரிக்கா கிளம்பிய யாங்கோ, கப்பல் உடைந்து இங்கிலாந்துக் கரையில் ஒதுங்குகிறான். யாரும் அவன் பேச்சைப் புரிந்துகொள்வதில்லை. இரக்கப்பட்ட ஏமியைக் கல்யாணம் செய்துகொள்கிறான், குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கடும் காய்ச்சலில் தன்னையறியாமல் தாய்மொழியில் தண்ணீர் கேட்கிறான். அந்த அந்நியச் சத்தத்தில் மிரண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏமி ஓடிவிடுகிறாள். அவன் செத்துப்போகிறான். போலந்துக்காரரான கான்ராட் இங்கிலீஷில் எழுதிப் பெரிய பெயர் எடுத்தவர். ஆனாலும் புரியாத மொழி பேசும் யாருமற்றவனாகச் செத்துப்போவோம் என்ற பயம் அவருக்குள் இருந்தது, அதைத்தான் கதையாக்கினார் என்று சயீத் படிக்கிறார். முதல் புத்தகமும் கான்ராட் பற்றி, கடைசிவரை திரும்பத் திரும்ப வந்ததும் கான்ராடிடம்தான்.

யூதர் என்பதற்காக ஜெர்மனியில் வேலை இழந்து, இஸ்தான்புல்லில் உட்கார்ந்து மேற்கத்திய இலக்கிய வரலாறு எழுதிய எரிக் அவர்பாக் அவருக்கு இன்னொரு ஆதர்சம். அவர்பாக் மூலமாகக் கிடைத்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி செயின்ட் விக்டர் ஹ்யூகோவின் ஒரு வாசகத்தை சயீத் பல நூல்களில் எடுத்தாள்கிறார். தன் ஊர் இனிக்கிறது என்பவன் இளசு, எந்த ஊரும் தன் ஊர் என்பவன் வலுவானவன், உலகம் முழுவதுமே அந்நியம் என்பவனே முழுமை பெற்றவன் என்பது அதன் சாரம். தமிழ் வாசகருக்கு இங்கே கணியன் பூங்குன்றனார் வராமல் இருக்க மாட்டார். ஆனால் ஹ்யூகோவின் கணக்கில் யாதும் ஊரே என்பது இரண்டாம் படிதான். மூன்றாம் படிக்கு ஏறுவதற்கு முதலில் ஊர் மேல் பாசம் இருந்திருக்க வேண்டும் என்பதையும் சயீத் சேர்த்துச் சொல்கிறார், பாசமே இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பாலஸ்தீனர்களுக்கு வரும்போது ஒரு விசித்திரமான முடிச்சில் மாட்டுகிறார். அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியவர்களே நூற்றாண்டுகளாகத் துரத்தப்பட்டவர்கள். ஊரிழந்தவர்களால் ஊரிழந்தவர்கள். யூதர்களின் துயரத்தை அவர் ஒருபோதும் சின்னதாக்கிப் பேசவில்லை. அதை அறியாமல் பாலஸ்தீனக் கதையைச் சொல்ல முடியாது என்று அரபு வாசகர்களிடமே வாதிட்டார், அதற்காக அங்கே திட்டும் வாங்கினார்.

சரி, துண்டு துண்டாகிப்போன வாழ்க்கையை எப்படி எழுதுவது? ஜோர்டானில் ஒருவர், காசாவில் ஒருவர், குவைத்தில் ஒருவர், ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு அடையாளக் காகிதம். ஆரம்பம், நடு, முடிவு என்று சீராக ஓடும் கதை இதற்குப் பொருந்தாது, உடைந்த, கலப்பான வடிவங்களே பொருந்தும் என்று 'ஆஃப்டர் தி லாஸ்ட் ஸ்கை' முன்னுரையில் சொல்கிறார். அந்தப் புத்தகமே அப்படித்தான் இருக்கிறது. தொடக்கத்தில் லெபனானின் திரிப்போலி அருகே ஒரு முகாம், கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, பக்கத்தில் ஒரு மெர்சிடிஸ் கார். சயீத் மணமக்களைவிட அந்தக் காரைத்தான் அதிகம் பார்க்கிறார். அரபு உலகில் கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், ஊரைவிட்டு ஓடுவதற்கும் அதுதான் என்று அடுக்குகிறார். நாடு என்று ஒன்று இல்லாதவர்கள் நடுவில், எங்கிருந்து வந்தது எங்கே போகும் என்று தெரியாத அந்தக் கார் ஏதோ அழையாத விருந்தாளி மாதிரி நிற்கிறது. இன்னொரு படத்தில் ஒரு மூதாட்டியின் முகம். நல்ல முகம் என்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம், இவரை நமக்குத் தெரியுமே என்று சகோதரி பெயர் சொல்கிறார். சிறுவயதில் ஒரு குடும்பக் கல்யாணத்தின்போது பார்த்தவர். அதுவரை 'பாலஸ்தீன மூதாட்டி' என்று இருந்த படம் சட்டென்று உறவுக்காரர் ஆகிவிடுகிறது. அந்த ஊர்களுக்குத் தன்னால் போக முடியவில்லை, ஓர் ஐரோப்பியர் தனக்காகப் போய்ப் பார்த்து வந்தார் என்று சங்கடத்தோடு ஒப்புக்கொள்கிறார்.

அந்தச் சங்கடம் நியாயமானது. முகாமில் ஒருநாளும் வாழாதவர், வசதியான வீட்டுப் பிள்ளை, நியூயார்க்கில் பெரிய பதவி. எதிரிகள் இதைக் குத்திக்காட்டினார்கள். 1999ல், 'அவுட் ஆஃப் பிளேஸ்' வெளிவரும் நேரத்தில், ஜெருசலேம் வீடு அவர் அப்பா பெயரில் இல்லை, குழந்தைப் பருவம் பெரும்பாலும் கெய்ரோவில்தான் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரை ஏதோ மோசடியைக் கண்டுபிடித்ததுபோல் எழுதியது. வீடு அத்தை குடும்பத்தினுடையது, கூட்டுக் குடும்பச் சொத்து. கெய்ரோ வாழ்க்கையை அவரே அந்தப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தார். அக்கறையான விமர்சனம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து எழுதிய மார்க்சிய விமர்சகர் அய்ஜாஸ் அகமது, சயீதின் கீழைத்தேயம் எப்போதும் வாயடைத்தே கிடக்கிறது, அங்கிருந்தவர்கள் எதிர்த்துப் பேசியதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை என்றார். பாலஸ்தீனப் போராட்டத்தில் சயீதின் பங்கை மதித்துக்கொண்டே செய்த விமர்சனம் அது, அதில் உண்மை உண்டு. 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலில் காலனி எதிர்ப்பு எழுத்துக்கு சயீத் நிறைய பக்கம் ஒதுக்கியது ஒரு வகையில் அந்தக் குறையை உணர்ந்து செய்ததுதான்.

பாலஸ்தீனத் தலைமையோடு அவருக்கு இருந்த உறவும் சுமுகமாக முடியவில்லை. 1977 முதல் 1991 வரை, பாலஸ்தீனர்களின் நாடாளுமன்றம் போல இயங்கிய பாலஸ்தீன தேசிய கவுன்சிலில் உறுப்பினர். 1993 செப்டம்பர் 13ஆம் தேதி வெள்ளை மாளிகைப் புல்வெளியில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் இஸ்ரேல் பிரதமர் ராபினும் சமாதான ஒப்பந்தம் செய்து கைகுலுக்கியபோது உலகம் கை தட்டியது. சயீத் இதை பாலஸ்தீனர்களின் வெர்சாய் என்று எழுதினார், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி போட்டதுபோல, தோற்றவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்ற பொருளில். எல்லை எங்கே என்று வரைபடம் இல்லை, அகதிகள் திரும்புவது பற்றிப் பேச்சில்லை, குடியேற்றங்கள் நிற்கும் என்ற உறுதி இல்லை என்று ஆவணத்தைச் சொல் சொல்லாகப் படித்துக் காட்டினார். பால்ஃபர் கடிதத்தைப் படித்த அதே முறைதான். 1996ல் அராஃபத்தின் நிர்வாகம் அவருடைய புத்தகங்களைக் கடைகளிலிருந்து அப்புறப்படுத்தியது. பாலஸ்தீனக் கதையை உலகுக்குச் சொன்னவர் புத்தகத்துக்கு பாலஸ்தீனத்திலேயே தடை.

1991ல் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. மறு வருடம் மனைவி, மகன், மகளோடு ஜெருசலேம் போனார், நாற்பத்தைந்து வருடம் கழித்து. தல்பியா பகுதியில் அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். இஸ்ரேலைத் தீவிரமாக ஆதரிக்கும் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் அலுவலகமாக அது மாறியிருந்தது. பிள்ளைகளிடம் வெளியே நின்றபடி ஒரு ஜன்னலைக் காட்டி, நான் பிறந்த அறை அதுதான் என்றார். உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று மகள் கேட்டாள். அவரால் முடியவில்லை.

2003 செப்டம்பர் 25ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். அடக்கம் லெபனானில், பெய்ரூட்டுக்கு மேலே ப்ருமானா என்ற மலையூரில்.